அந்தோணியார் வண்டிக்கு எந்தக் கட்டணம்?

ஓஸ்லோவில் எங்கள் அடுக்ககத்துப் பக்கத்து வீட்டு அம்மையார், துணி துவைக்கும் முன் கைபேசியைத் திறந்து மின்சாரத்தின் விலையைப் பார்ப்பார். அங்கே மணிக்கொரு விலை. "இப்போது இயந்திரத்தைப் போடாதே, மதியத்துக்கு மேல் போடு" என்று மாடிப்படியில் என்னையும் நிறுத்திச் சொல்வார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அதுவே என் பிழைப்பாகிவிட்டது. கும்பகோணத்தில் பிறந்து பனிதேசத்தில் குடியேறி, மின்கட்டணத்தை எப்படி மாற்றினால் மக்கள் டீசலையும் விறகையும் விட்டு மின்சாரத்துக்கு வருவார்கள் என்று அறிக்கை எழுதிச் சோறு தின்கிறேன். இப்படியும் ஒரு வேலை உண்டு என்பதை என் அம்மா கடைசிவரை நம்பவில்லை.

2016 அக்டோபரில் எங்கள் நிறுவனம் என்னை இந்தியாவுக்கு அனுப்பியது. சிற்றூர்களில் மின்வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்த மாதிரிக் கட்டணம் உதவும் என்று பார்த்துவர வேண்டும். ஊரை நீயே தேர்ந்துகொள் என்றார்கள். யோசிக்காமல் நாகர்கோவில் என்றேன். காரணத்தை ஆராய்ச்சி மொழியில் நீட்டி எழுதிக் கொடுத்தேன். உண்மைக் காரணங்கள் இரண்டுதான். ஒன்று, தாணு அங்கே இருக்கிறான். இரண்டு, மீன்.

தாணு என்னோடு பொறியியல் படித்தவன். மின்வாரியத்தில் செயற்பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை காலை வடசேரிப் பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேய், அங்க சோறு போடமாட்டானா?" அடுத்து என்னைச் சந்தைக்குள் இழுத்துப் போய் மட்டிப்பழத்தார் முன்னால் நிறுத்தினான். விரல் நீளம்கூட இல்லாத பழம். உரித்தால் மணம் நாலு கடை தள்ளி நிற்பவருக்கும் எட்டும். நார்வேயில் கிடைக்கும் வாழைப்பழம் பார்க்க லட்சணமாக இருக்கும், தின்றால் ஒன்றும் நடக்காது. எட்டுப் பழம் தின்றுவிட்டு, மதியம் மீன் எங்கே என்றேன்.

"ஞாயித்துக்கெழம கடலுக்கு லீவுல்லா வேய். கடப்புறத்துல எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பாவ. வள்ளம் எறங்காது. உமக்கு இன்னைக்கு அவியலும் தீயலும்தான்."

மீன் தின்னப் பல்லாயிரம் மைல் பறந்து வந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வந்திறங்கத் தோன்ற வேண்டும்? ஆனால் தாணுவின் மனைவி வைத்த உள்ளித்தீயலைச் சாப்பிட்டபின் கடலுக்கு எத்தனை நாள் விடுமுறை விட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஆகிவிட்டது.

திங்கள் முழுவதும் அலுவலகங்கள். இந்த ஊர் மின்கட்டணத்தைத் தாணு எனக்குப் பாடம் எடுத்தான். வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை, தொழிற்கூடத்துக்கு ஒரு விலை, வழிபாட்டுத் தலத்துக்கு ஒரு விலை. வீட்டுக்கு இரண்டு மாதத்தில் முதல் நூறு யூனிட் இலவசம். ஆனால் ஐந்நூறைத் தாண்டினால் வீடு மேல்தட்டுக்கு ஏறிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, அடியில் இருப்பதற்கும் சேர்த்து விலை ஏறும். அந்தக் கோட்டுக்குப் பயந்து இன்டக்‌ஷன் அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டு எரிவாயுவுக்குத் திரும்பிய வீடுகளைத் தாணுவுக்குத் தெரியும். அவன் வீடே அதில் ஒன்று.

"ஒரு பக்கம் கரண்டுக்கு மாறுங்கன்னு சொல்லுகோம். மறுபக்கம் மாறினவன் மண்டையில போடுகோம்" என்று வாரியத்துக்காரனே சொன்னபோது, என் அறிக்கையின் பாதி முடிந்ததாகவே நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மேற்குக் கடற்கரைக்குப் போனோம். இனயத்தில் ஓர் ஐஸ் ஃபாக்டரியைக் காட்டுவதாகத் தாணு சொல்லியிருந்தான். அவன் கார் என்னைவிட வயதான தோரணையில் இருமிக்கொண்டு வந்தது. இனயத்துக்குள் நுழைந்ததும் கிளட்ச் போயிற்று. தாணு இறங்கிக் காரைத் திட்டிய சொற்களை இங்கே எழுத முடியாது, அவன் ஓய்வூதியம் வாங்க வேண்டியவன்.

அப்போதுதான் அந்த ஆட்டோ வந்தது. நீல நிறம், சத்தமே இல்லை, பேட்டரி வண்டி. முன்கண்ணாடியில் குழந்தை இயேசுவைத் தூக்கி நிற்கும் அந்தோணியார் படம். ஓட்டி வந்தவர் செலின் என்ற நாற்பது வயதுப் பெண். பின்னால் காலியான அலுமினியச் சருவங்களோடு நான்கு பெண்கள். கருங்கல் என்ற ஊர்ச் சந்தையில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறார்கள். நால்வரில் மூத்தவர் தெரசம்மா, அறுபதைத் தாண்டியவர், எங்களைப் பார்த்ததும் மற்றவர்களை நெருக்கித் தள்ளி இடம் செய்தார்.

"ஏறுங்க சாரே. நாத்தம் பாக்காதிய."

மின்வண்டியைத் தேடி வந்தவனுக்கு மின்வண்டியே வந்து சவாரி கொடுத்தால் எப்படி இருக்கும்! என் படிப்பையும் வேலையையும் சொல்லி, கேள்விகளைக் கொட்டினேன். வண்டி அந்த ஐந்து பெண்களுக்கும் சொந்தம், மகளிர் குழுவில் சேர்ந்து வாங்கியது. முன்பெல்லாம் பேருந்தில்தான் போக வேண்டும். மீன் சருவத்தைக் கண்டால் பேருந்து நிற்காது. நின்றாலும் ஏற விடமாட்டார்கள். ஏறிவிட்டாலும் யாராவது மூக்கைப் பிடித்தால் வழியில் இறக்கிவிடுவார்கள்.

"என்னிய ஒருக்கா பாதி ரோட்டுல, மழையில எறக்கி விட்டாவ" என்றார் தெரசம்மா. "அண்ணைக்கு முழு மீனும் போச்சு. சாளை மீனு பொறுக்குமா மக்கா?"

"டீசல் ஆட்டோக்காரனும் எங்கள ஏத்தமாட்டான். சீட்டுல மீன் வெள்ளம் வடியும்னு சொல்லுவாவ. அதுதான் நாங்களே வாங்கினோம்" என்றார் செலின்.

"கொள்ளாம்! எங்க சார்ஜ் போடுதிய?" என்று தாணு சாதாரணமாகத்தான் கேட்டான்.

"நம்ம அந்தோணியார் குருசடியில."

தாணு என்னைப் பார்த்தான். குருசடி என்பது தெருமுனையில் சிலுவையோடு இருக்கும் சின்னக் கோவில். வண்டி அங்கேயே போய் நின்றது. உண்மைதான். அந்தோணியார் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, பின்னாலிருந்த சுவரில் பிளக் இருந்தது, அதிலிருந்து கறுப்பு வயர் ஜன்னல் வழியாக வெளியே வந்து சுருண்டு கிடந்தது. செலின் எங்கள் கண்முன்னால் அதை எடுத்து வண்டியில் மாட்டினார். பெருமையோடுதான் மாட்டினார். ஒளிவு மறைவே இல்லை. முதலில் செலின் வீட்டில்தான் போட்டார்களாம். அவர் வீட்டில் மீன் பெட்டி ஃப்ரீசர் வேறு இருக்கிறது. அந்த ஐந்நூறு கோடு தாண்டி, வந்த பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் ஓமனிலிருந்து போனில் கத்தினாராம். அப்புறம்தான் இந்த யோசனை. வண்டியை அச்சன், அதாவது பாதிரியார், மந்திரித்து ஆசீர்வதித்தது இந்தக் குருசடியில். எனவே வண்டி அந்தோணியாருடையது. அந்தோணியார் வண்டிக்கு அந்தோணியார் கரண்டு. இதில் என்ன தவறு என்று எனக்கும் ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

செவ்வாய் அந்தோணியாருக்குரிய நாள். கஞ்சியும் பயறும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குருசடிப் பொறுப்பாளர் சூசை எங்களையும் உட்கார வைத்தார். தாணு இரண்டு கிண்ணம் குடித்தான். குடித்து முடித்தபின் வாயைத் துடைத்துக்கொண்டு, தான் யார் என்பதைச் சொன்னான்.

"கஞ்சி குடிச்ச வாயால சொல்லப்பிடாது. ஆனா சொல்லாம இருக்க முடியாது. இது வழிபாட்டுக்குக் குடுத்த கனெக்‌ஷன். வண்டிக்குப் போடப்பிடாது. நாளைக்குப் பறக்கும் படை வந்துன்னா அபராதம் போட்டு, லைனையும் வெட்டிருவான்."

சூசை பதறிப்போனார். கடலில் நிற்கும் பிள்ளைகள் கரையைத் திரும்பிப் பார்க்கையில் குருசடி விளக்கு அணைந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? அவரே போய் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். செலின் முகம் சிவந்துவிட்டது.

"அப்போ எங்க போடியது? எங்க வண்டி வீடா, கடையா, கோயிலா? சொல்லுங்க சாரே. எந்தக் கட்டணம்னு சொன்னா கெட்டியோம்."

தாணு இருக்கிற வழியைச் சொன்னான். கடைக்கட்டணத்தில் தனி இணைப்பு வாங்கலாம். ஆனால் அதற்கு ஒரு கட்டிடம் வேண்டும், அதன் பேரில் தாள்கள் வேண்டும், விலையும் அதிகம். "வண்டிக்குன்னு இன்னும் ஒண்ணு போடல்ல" என்று முணுமுணுத்தான்.

செலின் என் பக்கம் திரும்பினார். "இவிய வெளிநாட்டுல இதத்தான படிச்சாவ? இவிய சொல்லட்டு."

சொன்னேன். இருபது வருஷப் படிப்பைச் சொன்னேன். ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றும் நேரத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது, அந்த நேரத்தில் விலையைக் குறைக்கலாம், வண்டிக்கென்று தனிக் கட்டணம் வைக்கலாம், உலகமே அந்த வழிக்கு வருகிறது என்றெல்லாம் கை ஆட்டி விளக்கினேன். ஐந்து பேரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"அது எப்போ வரும்?" என்றார் தெரசம்மா.

"சில வருஷத்துல வந்துடும் அம்மா."

"அதுவரைக்கும் மீனு நாறாதா மக்கா?"

மறுநாள் அவர்களோடு சந்தைக்குப் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். இரவு தங்க சூசை தன் வீட்டில் இடம் கொடுத்தார். தாணு காரை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் மெக்கானிக்கோடு வருவதாகச் சொல்லி நாகர்கோவிலுக்குப் பேருந்தேறினான்.

புதன் விடிகாலை மீன் வந்தது. வள்ளத்திலிருந்து இறங்கிய அயிலை மீன் வெயில் படுமுன் மினுங்கியதைப் பார்த்தபோது, ஓஸ்லோ கடையில் பிளாஸ்டிக் தாளுக்குள் படுத்திருக்கும் மீன்களை நினைத்துப் பரிதாபம் வந்தது. பில்லுக்குப் பயந்து செலின் வீட்டில் போடவில்லை, வண்டியில் அரைகுறை சார்ஜ்தான் இருந்தது. போய்ச் சேர்ந்துவிடும் என்று செலின் சொன்னார், அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. நானும் ஏறிக்கொண்டேன். என் எடையையும் சேர்த்து அந்த வண்டி சுமந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடற்கரையிலிருந்து கருங்கலுக்குப் பாதை ஏறிக்கொண்டே போகும். ஒரு ஏற்றத்தின் நடுவில் வண்டி தளர்ந்து, ஊர்ந்து, நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எதிரே வந்த கேரளத்து லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டி மலையாளத்தில் ஏதோ சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். "சகோதரிமாரே, அதுக்குக் கொஞ்சம் புல்லு போட்டுப் பாருங்க" என்றாராம். செலின் பதிலுக்குச் சொன்னதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

தள்ளியும் பயனில்லை. சருவங்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். வண்டிக்குக் காவலாகச் செலின் நின்றுவிட்டதால் அவர் சருவத்தை நான் வாங்கினேன். தோளில் வைத்தேன். பத்தடியில் ஐஸ் தண்ணீர் காலர் வழியாக முதுகில் இறங்கியது. எனக்கு முன்னால் தெரசம்மா கைவீசி, ஆடாத தலையோடு, என்னை ஏசிக்கொண்டே நடந்தார். "சாய்க்காதிய மக்கா! மீனு உங்களுக்க அறிக்கை இல்ல, விழுந்தா எடுத்து அடுக்கியதுக்கு."

சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாங்குகிறவர்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், நகர்ந்தார்கள். கடைசியில் கருவாட்டுக்காரர் ஒருவர் கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தெரசம்மா யாரையும் குறை சொல்லவில்லை. சருவத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்குப் பாலில்லாத கட்டன்சாயாவும் கிழங்கும் வாங்கித் தந்தார். மரச்சீனிக் கிழங்கை மசித்து மீன்குழம்பை ஊற்றித் தருவதற்கு ஈடான காலைச் சாப்பாடு வேறில்லை. அன்றைக்கு அது எனக்கு இறங்கவில்லை.

வண்டியை இழுத்துப் போக மினி லாரி பிடிக்க பெண்கள் போய்விட்டார்கள். நான் தனியாகப் பேருந்தில் ஏறினேன். காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் எழுந்தார். முன்னால் இருந்தவர் ஜன்னலைத் திறந்தார். நடத்துநர் தன்மையாகத்தான் சொன்னார்: "அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால போய் நிண்ணுக்கிடுங்க." நின்றுகொண்டு வந்தேன். முனைவர் பட்டம் வாங்கியவனை ஒரு சருவம் அயிலைத் தண்ணீர் பின் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டது. தெரசம்மாவுக்கு இது எத்தனை வருஷமோ என்று நினைத்தபோது அவமானம் போய்க் கோபம்தான் வந்தது.

அன்று மாலை தாணு மெக்கானிக்கோடு வந்தான். கார் பழுது பார்க்கும் வேளையில் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. அக்டோபர், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபத்தை இந்த மாதம் முழுவதும் வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்குவாள். மறுநாள் மாலை மெழுகுவர்த்தியோடு எல்லோருமாக அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு கிடையாது, வரிசைப்படிதான். அன்று செலின் வீட்டுக்கு வந்தாள். செபம் முடிந்ததும் பொரியும் பழமும் கொடுத்தார்கள். ஐந்து பெண்களும் ஓரமாக வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், விற்றுவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெரசம்மா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

"ஏட்டி செலினு, மாதாவே ஒரு வீட்டுல ஒரு நாளுதான் இருக்கா. வண்டி மட்டும் எதுக்கு ஒரே வீட்டுல கெடக்கணும்?"

செலின் நிமிர்ந்தார். அப்புறம் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து வீடு. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. செலின் வீட்டைத் தவிர மற்ற வீடுகளில் இலவச நூறு யூனிட்டே முழுதாக ஓடுவதில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் தாணுவைப் பார்த்தேன். பொரி தின்றுகொண்டிருந்த தாணு மேல்கூரையைப் பார்த்தான்.

"வாடகைக்கு ஓட்டுதியளா?" என்று கேட்டான்.

"இல்ல சாரே. நாங்க அஞ்சு பேரும் எங்க மீனும்தான்."

"வண்டி ஆருக்கு?"

"எங்க அஞ்சு பேருக்கும்."

"சொந்த வண்டிய சொந்த வீட்டுல சார்ஜ் போடப்பிடாதுன்னு நான் படிச்ச சட்டத்துல இல்ல" என்றான் தாணு. "ஆனா வயரிங்க நான் பாக்கணும். ஆணியில சுத்தி வச்சிருந்தியன்னா நான் விடமாட்டேன்." என்னிடம் திரும்பி, "வேய், இத அறிக்கையில எழுதும். மாதா கட்டணம்னு பேரு போடும்" என்றான்.

முதல் முறை தெரசம்மாவுக்கு. யோசனை சொன்னவர் அல்லவா! சுனாமிக் குடியிருப்பில் ஒற்றை அறையும் சின்னக் கூடமுமாக அவர் வீடு. மகளைக் குளச்சலில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். உயிரில்லாத வண்டியை நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். வாசலை அதற்குள் அவர் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார். தாணு வயரைத் தடவிப் பார்த்து, பிளக்கை மாற்றி, மாட்டினான். வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெண்கள் கை தட்டினார்கள், தாணுவுக்கே வெட்கமாகிவிட்டது. எல்லோரும் கலைந்தார்கள். தாணு காரைக் கொண்டுவரப் போனான்.

நானும் தெரசம்மாவும் மட்டும் இருந்தோம். அவர் உள்ளே போனார். டிவி சத்தம் நின்றது. பிறகு மின்விசிறி நின்றது. பிறகு விளக்கும் அணைந்தது. வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, எனக்கும் ஒன்று போட்டார். ஐப்பசி மழை வராமல் ஏமாற்றிய மாலை, காற்றே இல்லை, சட்டை உடம்போடு ஒட்டியது.

"தெரசம்மா, ஃபேன் ஓடினா வண்டிக்கு ஒண்ணும் குறையாது" என்றேன். இதுவாவது எனக்குத் திட்டமாகத் தெரிந்த விஷயம்.

"அறியாமலா? எனக்கும் தெரியும் மக்கா" என்றார். "இந்த வீட்டுக்கு வருசத்துல ஒருக்கா மாதா வருவா. வேற ஆரு வாறா? இனி அஞ்சு நாளுக்கு ஒருக்கா இந்த விருந்தாளி வரும். மொதல் நாளுல்லா. அது தின்னட்டு. நம்ம பொறவு பாப்போம்."

செபமாலைப் புத்தகத்தை எடுத்து விசிறத் தொடங்கினார். இருட்டில் கொஞ்சநேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் நெற்றி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. காற்று முழுவதும் என் பக்கம் வந்துகொண்டிருந்தது.